வீட்டு ப்ளானைப் பாத்து சொல்ல தர்மபுரியில ஒரு ஆள் கிடைச்ச கதை

ஊர்ல வீடு கட்டப் போறேன்னு வாய் திறந்தாலே கம்பி எந்த கம்பெனி வாங்கணும், எம்-சாண்ட் எங்க நல்லா இருக்கு, மேஸ்திரி சதுரத்துக்கு எவ்ளோ கேப்பாருன்னு சொல்ல ஆயிரம் பேர் வராங்க. ஆனா கையில இருக்கற ப்ளானை ஒரு கால் மணி நேரம் உக்காந்து பாத்து, இது சரி, இது சரியில்ல, இன்ன காரணம்னு சொல்றதுக்கு ஆள் தேடினா தர்மபுரி டவுன் முழுக்க அலைய வேண்டியிருக்கு. இந்த லீவுல பட்டா, வில்லங்கம், பேங்க் வேலையெல்லாம் ஒழுங்காதான் முடிஞ்சுது, அதையெல்லாம் எழுதப் போறதில்ல, இந்த ஒரு விஷயம்தான் இங்கிலாந்துக்கு, லீட்ஸ் திரும்பி வந்தும் மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்கு.

இலக்கியம்பட்டி பக்கம் அப்பா வாங்கிப் போட்ட மனை, 30க்கு 50, வடக்கு பாத்தது. கீழ அம்மா, மேல தம்பி குடும்பம், நாங்க வந்தா தங்க ஒரு ரூம். தம்பிக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் பெங்களூர்ல இருந்து ப்ளான் போட்டு வாட்ஸப்புல அனுப்பிட்டாரு. பாக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி சம்பந்தமில்லாத இன்னொருத்தர் கண்ணு அது மேல பட்டா நல்லதுன்னு எனக்கு தோணுச்சு, காசு குடுத்துதான் கேக்கறேன், ஓசியில இல்ல.

நாலு ரோடு பக்கம் ஒரு ஆஃபீஸ்க்கு மாமா கூட்டிட்டு போனாரு. ப்ளானை விரிச்சு வெச்சேன், அந்த சார் முழுசா ஒரு நிமிஷம் கூட பாக்கல, "சூப்பரா இருக்கு மேடம்"னாரு. அப்புறம் பேச்செல்லாம் மாமாகிட்டதான். "வெளிநாட்ல இருக்கறவங்க, எலிவேஷன், அதான் முன்பக்கத் தோற்றம், கிராண்டா பண்ணிரலாம் சார், த்ரீடி போட்டுக் காட்றேன், முன்னாடி கிளாடிங் குடுத்து லைட் போட்டா ரோட்ல போறவன் நின்னு பாப்பான்". எங்க அம்மா பாத்ரூமுக்கு எப்படி நடந்து போவாங்கன்னு நான் கேக்கறேன், அவரு ரோட்ல போறவனைப் பத்தி சொல்றாரு. இன்னொரு இடத்துல "கான்ட்ராக்ட் எங்களுக்குத்தானே மேடம்?"னு முதல்ல கேட்டாங்க, இல்ல, ப்ளான் மட்டும் பாத்து சொன்னா போதும்னதும் டீ கூட வரல. வேற ஒருத்தர் ஸ்கேலை எடுத்து ரூம் ரூமா அளந்து 12 அடி ஆகாது, செல்வம் குறையும், 11 பண்ணுங்க, பால் சாதம் உண்டுன்னாரு, அதுவும் பூச்சு போக உள் அளவு வரணுமாம். மனையடி சாஸ்திரத்தை நான் தப்பு சொல்லல, அப்பா அதைப் பாத்து கட்டின வீட்லதான் நாங்க நல்லா வளந்தோம், ஆனா அதை மட்டும் பாத்துட்டு ப்ளானை மடிச்சுக் குடுத்தா எப்படிங்க?

பென்னாகரம் பக்கம் தாத்தா வீடு கட்டினப்ப மேஸ்திரி வந்து திண்ணையில உக்காந்து பாட்டிகிட்டதான் கேப்பாராம், அம்மா இன்னிக்கும் சொல்வாங்க, ராகி மூட்டை எங்க அடுக்குவீங்க, புளி எங்க காய வைப்பீங்க, மாடு எந்தப் பக்கமா உள்ள வரணும்னு. அதைக் கேட்டுட்டுத்தான் கயிறு கட்டுவாங்களாம். இப்ப வீட்ல நாள் பூரா இருக்கப் போற பொம்பளைங்ககிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல, டைல்ஸ் கலர் மட்டும் கேக்கறாங்க.

லீட்ஸ்ல எங்க வீட்டு பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்ட கவுன்சிலுக்கு எழுதிப் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு லெட்டர் போகும், அவங்க கருத்து சொல்ல 21 நாள், முடிவு சொல்ல 8 வாரம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா உங்க சுவர் வந்தா என் கிச்சனுக்கு வெளிச்சம் போயிரும்னு எழுதிட்டாங்க, அப்ப எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு, ஆனாலும் ஒரு ஆபீசர் அதைப் படிச்சு, வந்து பாத்து, சுவரை இவ்ளோ குறைங்கன்னு காரணத்தோட எழுதிக் குடுத்தாரு. அங்க 1999ல இருந்து புதுசா கட்டற வீட்ல வாசல் இருக்கற தளத்துலயே ஒரு டாய்லெட் இருக்கணும், கதவு நிலையெல்லாம் போக குறைஞ்சது 750 மில்லிமீட்டர் வழி விடணும், சக்கர நாற்காலி உள்ள போகணும்னு சட்டமே இருக்கு. நம்ம ஊர்ல பாத்ரூம்னா 2½ அடி கதவு, நிலைக்கட்டை ரெண்டு பக்கமும் போக 25 இன்ச் மிஞ்சினா பெருசு. வாக்கர் புடிச்சுட்டு நடக்கற ஆள் அதுக்குள்ள எப்படி போவாங்க?

தமிழ்நாட்ல வீட்டு ப்ளான் அப்ரூவல் இப்ப ரொம்ப சுலபம், அதைப் பாராட்டியே ஆகணும். 2024 ஜூலையில இருந்து 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள வீடு, கீழும் ஒரு மாடியும் மட்டும்னா சுயசான்று குடுத்து ஆன்லைன்லயே உடனடி அனுமதி வாங்கிரலாம். அலையவே வேணாம். ஆனா அதனாலேயே படி செங்குத்தா இருக்கா, அம்மா ரூம் அனலா கொதிக்குமான்னு பாக்கற பொறுப்பு முழுக்க நம்ம தலையிலதான். அதுக்குத்தான் நான் ஆள் தேடினேன்.

கடைசியில கிடைச்சது எங்கன்னா, அந்த முதல் ஆஃபீஸ்லயேதான். த்ரீடி ரெடியாயிருச்சு வாங்கன்னு போன் வந்துச்சு, போனா சார் சைட்டுக்கு போயிட்டாரு, கம்ப்யூட்டர்ல ட்ராயிங் போடற பொண்ணு மட்டும் இருந்துச்சு, டிப்ளமோ சிவில் முடிச்சிருக்காம், பாலக்கோட்டுல இருந்து தினம் பஸ்ல வருதாம். எலிவேஷனைக் காட்டிட்டு மெதுவா, "அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்க மாட்டீங்களே"ன்னுச்சு. "படி 14தான் போட்டிருக்காங்க. 10 அடி உயரத்துக்கு 14 படின்னா ஒரு படி 8½ இன்ச்சு வரும்க்கா. வயசானவங்க ஏறவே முடியாது. 7 இன்ச் வேணும்னா 17 படி வேணும், அதுக்கு இந்த இடம் பத்தாது". நான் அப்படியே உக்காந்துட்டேன். பெங்களூர்க்காரர் போட்டது, தம்பி பாத்தது, நான் பாத்தது, இத்தனை ஆஃபீஸ் பாத்தது, ஒருத்தரும் படியை எண்ணவே இல்ல.

அப்புறம் அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி ஒண்ணொண்ணும் எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. அம்மா கட்டில் என்ன சைஸ்? தாத்தா காலத்து தேக்குக் கட்டில், 6½க்கு 6. ப்ளான்ல பாத்தா 5 அடி அகலத்துல சின்னதா ஒரு கட்டிலை போட்டு ரூமை பெருசா காட்டியிருக்கு. நிஜ அளவுல கட்டிலை ஸ்க்ரீன்ல வெச்சுது, பீரோவை வெச்சுது, பீரோ கதவு பாதிதான் திறக்குது. "ராத்திரி அம்மா எந்திரிப்பாங்களாக்கா?"ன்னு கேட்டுச்சு. எந்திரிப்பாங்க, முட்டி வலி, பல்லுலயும் அந்தக் காலத்து கிணத்துத் தண்ணிக் கறை, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு புரியும். பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்குது, உள்ள யாராச்சும் விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், வெளியில இருந்து திறக்க முடியாது, வெளிப்பக்கமா திறக்கற மாதிரி வைங்க, அகலம் 3 அடி வைங்கன்னுச்சு.

தண்ணி விஷயம் கேட்டதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம். "ஒகேனக்கல் தண்ணியும் போர் தண்ணியும் ஒரே சம்ப்ல விடப் போறீங்களா?" சம்ப்னா தரைக்குக் கீழ கட்டற தண்ணித் தொட்டி, ப்ளான்ல ஒரே ஒரு சம்ப்தான். நம்ம மாவட்டத்துல போர் தண்ணியில பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடு, அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் போட்டு 2013ல தண்ணி விட்டாங்க, அந்த நல்ல தண்ணியைக் கொண்டு வந்து போர் தண்ணியோட கலந்தா என்ன பிரயோஜனம்? கிச்சனுக்கு தனியா ஒரு சின்ன சம்ப், தனி டேங்க், தனி பைப்புன்னு அங்கயே வரைஞ்சு காட்டுச்சு. அம்மா ரூம் கன்னி மூலையில, அதாவது தென்மேற்கு மூலையில வருது, மேக்கு சுவர்ல சாயங்கால வெயில் நேரா அடிக்கும், சித்திரை மாசம் ராத்திரி பூரா சுவர் அனல் வீசும், அதனால பாத்ரூமையும் அலமாரியையும் மேக்கு சுவரோட ஒட்டிப் போட்டா அவங்க படுக்கற பக்கம் சூடு குறையும்னுச்சு. கன்னி மூலையும் மாறல, வாஸ்து பாக்கற சித்தப்பாவும் கோவிச்சுக்க மாட்டாரு.

போறதுக்கு முன்னாடி மனையில சுண்ணாம்புப் பொடியில நிஜ அளவுக்கு கோடு போட்டு அம்மாவை நடக்க வெச்சுப் பாருங்கக்கான்னு சொல்லி அனுப்புச்சு. மறுநாள் காலையில தம்பி டேப்பைப் புடிச்சுட்டு நிக்க நான் கோடு போட்டேன். அம்மா கிச்சன் கோட்டுக்குள்ள போய் அடுப்பு இருக்கற இடத்துல நின்னு வாசப் பக்கமா எட்டிப் பாத்துட்டு, "யாரு வராங்கன்னு இங்க இருந்து தெரியலையே, சாமி ரூம் மறைக்குது"ன்னாங்க. சாமி ரூம் சுவரை ஒன்றரை அடி தள்ளினதும் வாசல் தெரிஞ்சுது. படிக்கு ஹால்ல 3 அடி போச்சு, தம்பிக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், சோஃபா சின்னதா வாங்கிக்கலாம்னு சொல்லிட்டேன்.

பணம் குடுக்கப் போனப்ப சார் இருந்தாரு. த்ரீடிக்கு பில் போட்டாரு. ப்ளான் பாத்து சொன்னதுக்கும் தனியா போடுங்கன்னேன். அவருக்கு புரியல, "அதுக்குன்னு நம்ம ஆஃபீஸ்ல ரேட்டே இல்லையே மேடம், இதெல்லாம் சும்மா சொல்றதுதானே"ன்னாரு. இல்ல சார், எனக்கு உங்க ஆஃபீஸ்ல கிடைச்சதே அதுதான், அந்தப் பொண்ணு பேர்லயே எழுதுங்கன்னு நின்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு 'ப்ளான் ஆலோசனை'ன்னு ஒரு வரி சேத்து, த்ரீடிக்கு போட்ட அதே தொகையை எழுதி அந்தப் பொண்ணு பேரையும் போட்டாரு. கையெழுத்து போடும்போது அதுக்கு முகம் செவந்து போச்சு. ஆவணியில கடக்கால் தோண்டறோம், நிலை வெக்கற அன்னிக்கு கட்டாயம் வரணும்னு அந்தப் பொண்ணுகிட்டயும் சாருகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்.