"ஓமுக்கு ஓம், வாட்டுக்கு வாட்" என்று சொல்லி விற்றார்கள். போனது 7 மாதச் சம்பளம்

இடது ஸ்பீக்கரின் ட்வீட்டர் (உயர்ந்த ஒலி தரும் சின்ன யூனிட்) நேற்று இரவு செத்துவிட்டது. இன்று காலை கடைக்கு மறுபடி ஃபோன் செய்தால், "வால்யூமை ஏத்தி வெச்சிருப்பீங்க சார், வாய்ஸ் காயில் எரிஞ்சா வாரன்டி கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வாய்ஸ் காயில் என்பது ஸ்பீக்கரை அசைக்கும் செம்புச் சுருள். ஆம்பும் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) ஸ்பீக்கரும் சேர்த்து 7 மாதச் சம்பளம். கடையின் பெயரைப் போடவில்லை. தனி டெமோ அறை வைத்து, உயர்ரக ஒலிக்கருவிகளை மட்டும் விற்கும் கடை என்று சொன்னால் போதும். என்ன விற்றார்கள், ஏன் சேரவில்லை, வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் தரையில் நிற்கிற த்ரீ-வே ரகம், அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிக்குத் தனித்தனி யூனிட். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான யூனிட்). பின்பக்க ஸ்டிக்கரில் 8 ஓம், 87 டெசிபல், 150 வாட். ஆம்ப் ஓர் இன்டகிரேட்டட், அதாவது வால்யூம் கட்டுப்பாடும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்; அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் "சேனலுக்கு 150 வாட்". கடைக்காரர் பில் புக்கின் பின்பக்கத்தைத் திருப்பி, இந்தப் பக்கம் ஸ்பீக்கரின் எண்கள், அந்தப் பக்கம் ஆம்பின் எண்கள், நடுவில் ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டினார். "ஓமுக்கு ஓம், வாட்டுக்கு வாட். ஜோடி சரி சார்." பக்கத்திலேயே இதைவிட விலை கூடிய ஆம்ப் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, "உங்க ரூமுக்கு அது எதுக்கு, வீண் செலவு" என்றார். நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். விற்கிறவரே செலவைக் குறைக்கச் சொல்லும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

"ஓமுக்கு ஓம்", "வாட்டுக்கு வாட்" இரண்டுமே தவறு. ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 150 வாட் அது தாங்கும் வெப்பத்தின் எல்லை. அதற்கு எவ்வளவு பவர் வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. 8 ஓம் என்பதும் ஒரு பெயரளவுதான். உண்மையான இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60268-5 தரத்தின்படி, பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே அது போகக்கூடாது. 8 ஓம் என்று எழுதினால் எங்கேயும் 6.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. இந்த ஸ்பீக்கரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 3.1 ஓம் காட்டுகிறது. அது டிசி மின்தடைதான் என்றாலும் போதுமான சாட்சி. நிஜமான 8 ஓம் ஸ்பீக்கரில் 5.5-லிருந்து 7 வரை காட்டும். இரண்டு வூஃபரையும் பேரலலாகக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் 3.1. இம்பிடன்ஸ் வரைபடம் எடுத்துப் பார்த்ததில் 110 ஹெர்ட்ஸ் பக்கம் 3.5 ஓம். நேர்மையாக எழுதினால் இது 4 ஓம் ஸ்பீக்கர்.

அப்போது 87 டெசிபல் என்ற எண்ணும் ஆட்டம் காண்கிறது. சென்சிட்டிவிட்டியை, அதாவது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை, 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளப்பார்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். ஆக 1 வாட்டுக்கு இது 84 டெசிபல் ஸ்பீக்கர்தான்.

ஆம்பின் 150 வாட் இன்னும் மோசம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலியின் சிதைவு), ஒரு சேனல் மட்டும். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அலையின் தலை நன்றாகவே வெட்டுப்பட்டிருக்கும்; பாட்டுக் கேட்க உதவாத எண் அது. 8 ஓமில் இரண்டு சேனலும் சேர்ந்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக எடுத்தால் 70 வாட் பக்கம்தான் வருகிறது. இந்த மாதிரி வாட் கணக்கை அடக்கத்தான் அமெரிக்காவில் 1974-இலேயே விதி கொண்டுவந்தார்கள்: எத்தனை ஓம், எந்த அதிர்வெண் வரம்பு, எவ்வளவு டிஸ்டார்ஷன் என்று சொல்லாமல் விளம்பரத்தில் வாட் போடக்கூடாது என்று. ஆம்பின் முதுகிலேயே, ஸ்பீக்கர் முனைக்குக் கீழே, "குறைந்தது 6 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. விற்றவர் அதைப் படிக்காதவர் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தூரத்துக்கு ஏறக்குறைய 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர், அறையின் எதிரொலி என்று 6 டெசிபல் திரும்பி வரும். 2.83 வோல்ட்டுக்குக் காதில் விழுவது சுமார் 84 டெசிபல். சராசரி 84-இல் கேட்கிறீர்கள், அது ஒன்றும் காது கிழிகிற சத்தமில்லை. நல்ல ரெக்கார்டிங்கில் கிக் டிரம் விழும் நொடி அதைவிட 20 டெசிபல் மேலே போகும். 20 டெசிபல் என்றால் வோல்ட்டேஜ் 10 மடங்கு: 28.3 வோல்ட், அதன் உச்சி 40 வோல்ட். 3.5 ஓமில் அதற்கு 11 ஆம்பியருக்கு மேல் கரன்ட் வேண்டும். 70 வாட் ஆம்ப் 23.7 வோல்ட்டிலேயே முட்டி நிற்கும். அந்த 23.7-ஐயும் 3.5 ஓமில் கொடுக்க சேனலுக்கு 160 வாட் தெம்பு தேவை; உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குச் செய்ததில்லை. இதோடு ஃபேஸ் கோணமும் (வோல்ட்டேஜும் கரன்ட்டும் நேரத்தில் விலகும் அளவு) சேரும். 70 ஹெர்ட்ஸ் பக்கம் இம்பிடன்ஸ் சரிகிற இடத்தில் கரன்ட் வோல்ட்டேஜுக்கு முந்திக்கொண்டு வருவதால், அவுட்புட் டிரான்சிஸ்டரில் வீணாகும் வெப்பம் இரண்டு மடங்கு வரை ஏறலாம். ஹீட் சிங்கில் கை வைக்க முடியாமல் போனது அதனால்தான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது உள்ளே பாதுகாப்பு ரிலே (தானாக விழும் சுவிட்ச்) "டக்" என்று விழும். ஐந்தாறு நொடி மௌனம். பிறகு மறுபடி "டக்".

ட்வீட்டர் எரிந்ததற்கும் இதே காரணம். தலை வெட்டுப்பட்ட அலையில் சராசரி பவர் கூடும். இல்லாத ஹார்மானிக்ஸ் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) புதிதாக முளைத்து மேல் அதிர்வெண்ணுக்குப் போகும். தொடர்ந்து சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டர் காயில் அது போய் இறங்கும். சின்ன ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்காது என்று கடைக்காரர் சொன்னது இங்கேதான் பொய்யாகிறது.

டெமோவில் எப்படி நன்றாகக் கேட்டது? ஓம் மாறும் என்பது தெரியாத விஷயமில்லை. காதில் விழுந்த சத்தம்தான் சந்தேகத்தை வாயடைத்தது. அன்றைக்கு எடுத்த ஒரு படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், அந்த ஆம்பின் பின்னால் ப்ரீ-அவுட் துளையிலிருந்து (வேறு பவர் ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் இடம்) இரண்டு வயர் கீழ்த்தட்டுக்குப் போகிறது. கீழே கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு பவர் ஆம்ப். அதன் பச்சை விளக்கு துணிக்குள் மங்கலாகத் தெரிகிறது. ஸ்பீக்கரை ஓட்டியது அதுதான். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது மேலே இருந்ததை. போட்ட பாட்டும் ஒற்றைக் குரலும் கிட்டாரும் மட்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் கிடையாது.

வாங்கிய பிறகு புகார் செய்தபோது கடையில் சொன்ன பதில்கள்: முதலில் "200 மணி நேரம் ஓடட்டும், செட் ஆயிடும்". வூஃபரின் ரப்பர் விளிம்பு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். செம்புக் காயிலின் 3.1 ஓம் எத்தனை மணி நேரம் ஓடினாலும் 6 ஆகாது. அடுத்து "கேபிள் மாத்துங்க". இருப்பது 2.5 சதுர மி.மீ. செம்பு, 3 மீட்டர். போக வர மொத்தம் 0.04 ஓம். மாற்ற அதில் ஒன்றுமில்லை. பிறகு "பின்னாடி சுவிட்சை 4 ஓமுக்குத் தள்ளுங்க". அந்த சுவிட்ச் உள்ளே சப்ளை வோல்ட்டேஜைக் குறைக்கும். சூடு குறையும், இருந்த கொஞ்சப் பவரும் போகும். பிறகு "உங்க ரூம்தான் சரியில்லை".

கடைசியாக, மேலே இன்னும் 2 மாதச் சம்பளம் கொடுத்தால் 30 வாட் வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடுவது) மாற்றித் தருகிறார்களாம், "இசை இனிமையா இருக்கும்" என்று. அந்த மாதிரி ஆம்பில் அவுட்புட் இம்பிடன்ஸ் 2 ஓம் இருந்தால், இந்த ஸ்பீக்கரின் 3.5 ஓம் பள்ளத்துக்கும் 20 ஓம் மேட்டுக்கும் இடையே 3 டெசிபல் ஏற்ற இறக்கம் வந்துவிடும். ஸ்பீக்கரின் டோனே மாறிப்போகும். 7 மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மேலே 2 மாதச் சம்பளம் கேட்க எப்படி மனம் வருகிறது?

எப்படிச் சோதிப்பது என்று எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். ஆம்பை இணைக்கும் முன் ஸ்பீக்கர் முனையை அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதி 3, 4 காட்டினால் அங்கேயே கேளுங்கள். இம்பிடன்ஸ் குறைந்தபட்சம் எத்தனை ஓம், எந்த ஹெர்ட்ஸில் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆம்பின் 8 ஓம் எண்ணையும் 4 ஓம் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு சேனலும் ஓடும்போது எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். 4 ஓமில் இரண்டு மடங்கை நெருங்கினால் கரன்ட் இருக்கிறது, 4 ஓம் எண்ணே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டெமோவுக்கு பேஸ் உள்ள பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும், வீட்டில் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பணம் கொடுக்கும் முன் ரேக்குக்குப் பின்னால் போய், ஸ்பீக்கர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அது எந்தப் பெட்டியில் போய் முடிகிறது என்று பாருங்கள்.