23,000 ரூபாய் வாங்கிக்கொண்டு துருவின் மேல் கார்ப்பெட் விரித்துக் கொடுத்தார்கள்

நேற்று சாயங்காலம் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஃப்ளோர் வேலை (வண்டிக்குள் தரைக் கார்ப்பெட் மாற்றும் வேலை) கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது 1997 மாடல் மாருதி 800, அப்பா வாங்கிய வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் வாசலில் நின்ற வண்டிக்குள் சீட் வரைக்கும் தண்ணீர். என்ஜின், வயரிங் எல்லாம் அப்போதே பார்த்துவிட்டோம். கார்ப்பெட்டை மட்டும் வெயிலில் காயப்போட்டு மறுபடி விரித்துவிட்டோம், அதுதான் தப்பு. அடியில் இருக்கும் ஃபெல்ட், அதாவது கம்பளி மாதிரியான தடித்த துணி, ஒருமுறை ஊறினால் லேசில் காயாது. வண்டியில் ஏறினாலே ஈர வாடை, அப்பாவுக்கு ஆஸ்துமா வேறு. அதனால் பழையதை முழுசாக எடுத்து, துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, அதிர்வுக்கு பியூட்டைல் ஷீட் (தகட்டில் ஒட்டும் ரப்பர் மாதிரி ஷீட்), சூட்டுக்கு அதன் மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம், அப்புறம் புதுக் கார்ப்பெட் என்று முடிவு செய்தேன்.

சென்னை ஜி.பி. ரோடு பக்கம் சீட் கவர், மேட் போடும் கடை ஒன்று. அப்பா வண்டி என்று நான் சொன்னதும் கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார், "இந்தக் காலத்து வண்டியில இந்தத் தகடு வராது சார், எங்க அப்பா வண்டி மாதிரி பார்த்துப் பண்ணித் தர்றேன்" என்றார். மேலே ஃபாயில் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டில் ஒரு துண்டை எடுத்து லைட்டரைக் காட்டினார், உருகவில்லை. மொத்தம் 23,000. 15,000 அங்கேயே ஜிபே பண்ணினேன். "சீட் எல்லாம் இறக்கணும், ரெண்டு நாள் ஆகும், வெயில்ல நீங்க ஏன் நிக்கறீங்க" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

வண்டி எடுக்கும்போது பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. மீதி 8,000-ஐயும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் சேரும் சார், எதுக்கு?" என்று துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் தார் வாடை, கதவோரம் கறுப்பாகக் கசிந்து அப்பாவின் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. போன் செய்தால் "புதுசுல அப்படித்தான் வரும், பத்து நாள்ல போயிடும்" என்றார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம். அப்புறம், "தண்ணி விட்டுக் கழுவியிருப்பீங்க". அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நேற்று தெரிந்த டிங்கரிங் அண்ணனிடம் விட்டுப் பிரித்தோம். சீட்டை இறக்கவே இல்லை, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட அடையாளம்கூட இல்லை. சீட் காலைச் சுற்றிக் கார்ப்பெட்டை வெட்டிச் சொருகியிருக்கிறார்கள். ஒட்டியிருந்தது மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட், அதுவும் முன்னால் கால் வைக்கும் இடத்தில் மட்டும். ஃபோமுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும் சோபா ஸ்பாஞ்ச். சீட்டுக்கு அடியில் அதே பழைய ஃபெல்ட், இன்னும் ஈரத்தோடு. துருவின் மேலேயே கறுப்பு பெயின்ட். அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினார், டிரைவர் காலடியில் தகடு ஓட்டையாகித் தரை தெரிந்தது. இதைவிட எனக்குப் பதறியது, மடிந்து நின்ற கார்ப்பெட் ஓரம் ஆக்ஸிலேட்டருக்கு அடியில் போய்ச் சிக்குவதைப் பார்த்தபோதுதான். அழுத்திய பெடல் திரும்ப வராமல் போயிருந்தால்? இந்த வண்டியில்தான் அப்பாவை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

இன்று காலை நேரில் போனேன். அதே ஆள், என்னைத் தெரியாத மாதிரி நின்றார். போட்டோவைக் காட்டினேன். "வண்டி பழசு சார், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்" என்றார். 23,000 ரூபாய் வாங்கும்போது வண்டி பழசு என்று தெரியாதா? பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன், பில் இருக்கா என்று கேட்கிறார்!

விரிவாக எழுதக் கை ஓடவில்லை. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சீட்டை இறக்கி, பழைய ஃபெல்ட்டை எடுத்து, வெறும் தகட்டைப் பார்க்காமல் எதையும் ஒட்ட விடாதீர்கள், போட்டோ எடுங்கள். ஒட்டப்போகும் ஷீட்டில் ஒரு துண்டை வாங்கி ஒரு நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள், மாதிரிக்குக் காட்டுவது வேறு, ஒட்டுவது வேறு. பெடலை அழுத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 18 பர்சென்ட் போனாலும் பில் வாங்குங்கள்.

ஜிபே ரசீதும் போட்டோவும் கையில் இருக்கின்றன, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன். தகடு வெட்டி வெல்டிங் வைக்க அண்ணன் தனியாக 9,000 கேட்டிருக்கிறார். 23,000 போனதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.