இன்சுலினும் ஸ்டியரிங்கும்: ஏழு வருட அனுபவம்

கனரக லாரி ஓட்டுகிறேன். இன்சுலின் போட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. சர்க்கரையை ஓயாமல் அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது கடைசி நான்கு வருடமாக. அதற்கு முன் விரலைக் குத்திப் பார்க்கும் மீட்டர் மட்டும்தான்.

மீட்டர் காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வழக்கமான அளவு ஊசி போட்டிருந்தேன். லோடு இறக்க ஆள் குறைவு என்று நானும் கை கொடுத்தேன், சாப்பாடு தள்ளிப்போனது. வண்டி எடுத்து அரை மணி நேரத்தில், நன்றாகத் தெரிந்த பாதையில், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டியது தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தபோது கோபம்தான் வந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்த பிறகே ஓரம் கட்டினேன். மீட்டரில் சர்க்கரை 52 (mg/dL), ரொம்பக் குறைவு.

கை நடுங்கவில்லை, படபடப்பும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிட்டுவந்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது என்று மருத்துவர் பிறகு விளக்கினார். சர்க்கரை இறங்கும்போது, இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய புத்தியே மங்கிவிடுகிறது. அதனால் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற உணர்வை நம்பி வண்டி எடுப்பதை அன்றோடு விட்டேன். எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

90-க்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடுவதில்லை. கிளம்பும் முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பேன். 70-க்குக் கீழே போனால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, ஓட்டுநர் இருக்கையை விட்டே நகர்ந்துவிடுவேன். 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் மாத்திரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் இதற்கு உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். எண் சரியானதும் கிளம்பவும் கூடாது. மூளை தெளிய இன்னும் நேரம் வேண்டும், குறைந்தது 45 நிமிடம். நான் கடைப்பிடிப்பதிலேயே கஷ்டமானது இந்த 45 நிமிடம்தான்.

சரி, சென்சார். அதில் எனக்கு எண்ணை விட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறி முக்கியம். 110 என்று காட்டி அம்பு படுக்கைவாட்டில் கிடந்தால் நிம்மதி. அதே 110, அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருந்தால் ஒதுக்க இடம் தேட வேண்டிய நேரம். ஓட்டும்போது எச்சரிக்கை ஒலியை 100-லேயே வைத்திருக்கிறேன்; திரையை வண்டி நின்ற பிறகுதான் பார்ப்பேன்.

குறைகளும் உண்டு. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை. வேகமாக ஏறி இறங்கும்போது ரத்தத்தைவிடப் பல நிமிடங்கள் பின்தங்கும். இது தெரியாமல், மாத்திரை சாப்பிட்ட பிறகும் எண் ஏறவில்லையே என்று மேலும் மேலும் சாப்பிட்டு 250 வரை போயிருக்கிறேன். கேபினில் அந்தக் கைப்பக்கமாகப் படுத்துத் தூங்கினால், அழுத்தத்தால் பொய்யாக 'லோ' (சர்க்கரை குறைவு) காட்டி அலறும். புதிதாக ஒட்டிய முதல் நாள் எண்களையும் முழுசாக நம்புவதில்லை. ஆகவே மீட்டரும் ஸ்டிரிப்பும் இன்றும் பையில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் விரல்தான்.

மருந்தைப் பற்றி ஒன்று. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய கேபின் இதை எளிதாகத் தாண்டிவிடும். டேஷ்போர்டில் மறந்துபோன ஒரு பேனாவால் இரண்டு நாள் 300-க்கு மேலேயே கிடந்தேன். கண் மங்கல், தூக்கக் கலக்கம். அதுவும் ஓட்டத் தகுந்த நிலை அல்ல. இப்போது நான் இறங்கினால் பேனாவும் குளிர்பையில் என்னோடு இறங்கும். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைப்பதில்லை, உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இன்சுலின் போடும் கனரக ஓட்டுநர்கள் தனி விலக்கு வாங்கும் முறையை 2018-இல் எடுத்துவிட்டு, சிகிச்சை தரும் மருத்துவரின் மதிப்பீட்டையும் மூன்று மாத சர்க்கரைப் பதிவையும் கேட்கும்படி மாற்றினார்கள். எங்கே ஓட்டினாலும் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், முதல் இரண்டு வருடம் இன்சுலின் போடுவதை வேலை இடத்தில் மறைத்தேன். மறைத்துக்கொண்டே 45 நிமிடம் வண்டியை நிறுத்திவைக்க முடியாது. 'எங்கே இருக்கிறாய்' என்று போன் வந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். அந்த 52-க்குப் பிறகு பயந்துகொண்டேதான் சொன்னேன். இப்போது 'லோ ஆகிவிட்டது, ஒரு மணி நேரம் தாமதம்' என்று ஒரு வரி அனுப்புகிறேன். 'சரிண்ணா' என்று பதில் வரும்.