பைக் டிராக்கரைக் கடலில் மிதக்கவிட்டு மூன்று பருவம்: வாங்கலாமா?

விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் இது. பைக்கில் மாட்டும் சாதாரண ஜி.பி.எஸ். டிராக்கர், சிம் போடும் வகை, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே கடல் மேற்பரப்பின் நீரோட்டம் பார்க்க, மிதவைக்குள் வைத்து மூன்று பருவம் ஓட்டியதில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எரிச்சல். இந்தக் கருவிக்குத் தான் ஒரு பைக் என்ற நினைப்பு போகவே போகாது. நிறுத்தி வைத்த வண்டியில் ஜி.பி.எஸ். புள்ளி ஐந்து, பத்து மீட்டர் சுற்றி அலைந்துகொண்டே இருக்கும். வரைபடத்தில் அது கிறுக்கலாகத் தெரிந்தால் வாங்கியவர் திட்டுவார். அதனால் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ‘வண்டி நிற்கிறது’ என்று முடிவுகட்டி, பழைய இடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும்படி செய்து வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு நல்ல ஏற்பாடு. கடலில் நீரோட்டம் நொடிக்கு 30 செ.மீ. இழுத்தாலே அது நல்ல இழுப்பு. மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளில் 26 கி.மீ. போய்விடும் மிதவையை இது ‘பார்க்கிங்’ என்கிறது.

தரவில் எப்படித் தெரியும் என்றால், அந்த வேகத்தில் 10 நிமிடத்துக்கு 180 மீட்டர் நகர வேண்டும். வருவதோ 0, 0, 0, அப்புறம் ஒரே தாவலில் 720. வேகமாக மாற்றினால் நொடிக்கு 1.2 மீட்டர். வங்கக்கடலின் கரையோர நீரோட்டம் நவம்பர் வாக்கில் தெற்கு நோக்கி அடித்து இழுக்கும்போது காட்டக்கூடிய எண் அது. அதனால் உண்மை என்று நம்பிவிடாதீர்கள். நாள் சராசரி என்னவோ ஏறக்குறைய சரியாகத்தான் வரும். ஆனால் மதியம் கடல்காற்று எழுந்து பாதை கரைப்பக்கம் வளைகிற அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தானே இவ்வளவு பாடு? அது இந்தப் படிக்கட்டுத் தாவலுக்குள் புதைந்துவிடும்.

இதற்கு வழி உண்டு, மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். சாவி போட்டதை உணரும் ஏ.சி.சி. ஒயரை, பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், பேட்டரியின் பாசிட்டிவோடு சேர்த்துவிட்டால் எஞ்சின் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு தூங்காமல் கிடக்கும். அடுத்து, கையேட்டில் ‘ஸ்டாட்டிக் டிரிஃப்ட்’ (நின்ற வண்டியின் அலைச்சலை மறைக்கும் அந்த வடிகட்டி) என்ற சொல்லைத் தேடி, அதை அணைக்கும் எஸ்.எம்.எஸ். கட்டளையை அனுப்ப வேண்டும். கட்டளை மாடலுக்கு மாடல் மாறும். கடைசியாக, திருப்பத்தில் புள்ளி அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மெல்ல நகரும் பொருளுக்கு ஜி.பி.எஸ். சொல்லும் திசை வெறும் இரைச்சல். நிமிடத்துக்கு நாலு முறை ‘திரும்பிவிட்டேன்’ என்று அனுப்பி பேட்டரியைக் குடித்துவிடும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து கருவி தானாக அணைந்து எழுந்தால், வடிகட்டி மறுபடி ‘ஆன்’. சொல்லவும் சொல்லாது. சிக்னல் அனுப்பும் நொடியில் 2ஜி மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயர், பழைய செல் என்றால் சரிவு நிச்சயம். மோடத்துக்கு ஒட்டினாற்போல் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, தடித்த ஒயர், 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) நான்கு இணையாக. 2600 எம்.ஏ.எச். செல் என்றால் ஒரு வாரம் போல் தாங்கும். பவர் பேங்க் வேண்டாம். இழுப்பு குறைந்தால் ‘சார்ஜ் முடிந்தது’ என்று தானே அணைந்துவிடும். ஜி.பி.எஸ். மாட்யூல் தனியாக வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். சிப்பில் இயக்க மாதிரியை, அதாவது எதில் ஏறி நகர்கிறது என்று சொல்லும் அமைப்பை, ‘கடல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். விலை சரியாக இருந்தும், ஒரு வரி அமைப்பைத் திறந்துவிட மனம் வராத தயாரிப்பாளரை என்ன சொல்ல.

வடிகட்டி அணைந்ததா என்று கடலுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். வாய்க்காலில் முறைத்தண்ணீர் வரும்போது நேராக ஓடும் இடத்தில் 100 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, டிராக்கரை மூடி போட்ட வாளியில் வைத்து விடுங்கள். கூடவே ஒரு சாத்துக்குடி. முக்கால்வாசிக்கு மேல் முங்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. மட்டைத் தேங்காய் உயர மிதக்கும், ஒப்பிட உதவாது. சாத்துக்குடி ஐந்தாறு நிமிடத்தில் கடந்த தூரத்தை, நிமிடத்துக்கு ஒன்றாக வரும் புள்ளிகள் படிப்படியாகக் காட்டினால் சரி. எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் கட்டளை ஏறவில்லை.

கடலில் அந்த ஒரு நிமிட இடைவெளி கூடாது. இரண்டு புள்ளிகளுக்கும் தலா 5 மீட்டர் பிழை என்றால், ஒரு நிமிடத்தில் கணக்கிடும் வேகத்தில் நொடிக்கு 12 செ.மீ. பிழை சேரும், நீரோட்டமே 20 தான் இருக்கும். 10 நிமிடம் வைத்தால் பிழை 1 செ.மீ. சொச்சம்.

மிதவை உடம்பு, கடலியல் ஆய்வாளர் டேவிஸ் 1980களில் வடிவமைத்த ‘கோட்’ வகையின் நாட்டு நகல். உலகளாவிய மிதவைத் திட்டத்தில் நங்கூரத்துணி (நீரோட்டத்தைப் பிடிக்கும் துணி) 15 மீட்டர் ஆழத்தில் தொங்கும். டெல்டாவின் ஆழமற்ற கரைக்கடலுக்கு அது ஆகாது. நடுவே 75 மி.மீ. பி.வி.சி. குழாய், குறுக்கே சிலுவையாகக் கைகள், இடையில் தார்ப்பாய். மொத்த அகலம் 1 மீட்டர், உயரம் 90 செ.மீ. நீருக்குள் இருக்கும் பரப்பு வெளியே தெரிவதைப் போல 40 மடங்காவது இருக்க வேண்டும். 9000 சதுர செ.மீ. உள்ளே என்றால் வெளியே 225-க்கு மேல் கூடாது. 10 செ.மீ. குழாய் தலைநீட்டினால் 75 போயிற்று, மீதியில் வலை மிதவைகளை அடக்க வேண்டும். இதை விட்டால் நீங்கள் அளப்பது நீரோட்டத்தை அல்ல, வாடைக்காற்றை.

எடை பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் சரிபார்த்த 8 கிலோ மிதவை உப்புநீரில் 200 மில்லி அளவு மேலே எழும், 75 மி.மீ. குழாயில் அது நாலரை செ.மீ. காற்று பிடிக்க அதுவே போதும். கடல்நீரில் சரிபார்த்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் கொள்ளிட முகத்துவாரத்தில் வெள்ளநீர் கடல்மேல் படர்ந்திருக்கும்போது விட்டால் தலைகீழ்: அதே நாலரை செ.மீ. முங்கி ஆன்டெனா நீரோடு நீராகிவிடும். வெயிலில் சூடான குழாயை மூடி உடனே கடலில் இறக்குவதும் தவறு. உள்காற்று குளிர்ந்து சுருங்கி, ஓ-ரிங் (மூடியின் ரப்பர் வளையம்) வழியே ஈரத்தை உறிஞ்சும். காலையில் நிழலில் மூடுங்கள். புளிவாடை அடிக்கும் சிலிக்கான் பசை சர்க்யூட் அருகே வேண்டாம்; செம்பை அரிக்கும்.

இனி நல்லது. சிக்னல் இல்லாதபோது புள்ளிகளைச் சேமித்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது. இது பெட்டியில் ஓரமாகச் சிறிய எழுத்தில் போட்டிருந்த வசதி. உண்மையில் இதற்காகவே காசு கொடுக்கலாம். 40 மீட்டர் கோபுரம், நீர்மட்டத்தில் 10 செ.மீ. ஆன்டெனா என்றால் கணக்குப்படி 27 கி.மீ. தெரிய வேண்டும். அலை மறைப்பதால் 10 கி.மீ. தாண்டினாலே நம்ப முடியாது. இரவெல்லாம் காணாமல் போய், காலையில் காரைக்கால் பக்கம் கரையை நெருங்கியதும் முந்தைய நாள் மாலை முதல் ஒரு புள்ளி விடாமல் வந்து இறங்கும். சாட்டிலைட் கருவி போடலாமே என்பவர்களுக்கு: தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கோடியக்கரைக்குத் தெற்கே இழுபட்டால் எதுவானாலும் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கப் போக முடியாது. அதை மறந்துவிட வேண்டியதுதான்.

விசைப்படகு வலையில் சிக்காமல் விட ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். ஃபைபர் படகுகள் அப்போதும் போகும். பார்த்தால் எடுத்து வருவார்கள், அது நியாயமும்கூட. ‘வெடிபொருள் அல்ல, நீரோட்டம் பார்க்கும் மிதவை’ என்று பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதி, போன் நம்பர் போட்டு, ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்துவிட்டார்கள் என்பது தரவிலேயே தெரியும். மணிக்கு 12 கி.மீ., நூல் பிடித்தாற்போல் துறைமுகம் நோக்கி. வேடிக்கை என்னவென்றால், மூன்று பருவத்தில் டிராக்கர் குறையே இல்லாமல் போட்ட கோடுகள் இவைதான். படகில் ஏறியதும் பைக்குக்கு உயிர் வந்துவிடுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ‘வேண்டாம்’ என்றுதான் முடிக்க நினைத்தேன். ஆனால் இந்த விலைக்கு, தொலைந்தால் அழாமல் இருக்கக்கூடிய வேறு கருவி கண்ணில் படவில்லை. வாங்குங்கள், இரண்டாக. 50 மீட்டர் இடைவெளியில் சேர்த்தே விட்டால் எது தண்ணீரின் போக்கு, எது கருவியின் கோளாறு என்று பிரித்துப் பார்க்கலாம். இறக்குவதற்கு முன் இரண்டு சிம்மிலும் ரீசார்ஜ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.