அஞ்சு நிமிஷம் ஊறட்டும்ணே

நியூ ஜெர்சியிலிருந்து மதுரை வந்து மூன்றாம் நாளே தலை அரிக்கத் தொடங்கிவிட்டது. மூக்கோரமும் புருவமும் சிவந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் செதில். செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிற தோல் அழற்சி, எனக்குப் பழைய தொந்தரவு. தூக்கம் கெட்டால் கிளம்பிவிடும். அம்மா பார்த்துவிட்டு, "உடம்புச் சூடுப்பா, நல்லெண்ணெய் தேச்சுக் குளி" என்றார். இந்த ஒன்றில் மட்டும் அம்மா பேச்சைக் கேட்க முடியாது. இதைக் கிளப்பிவிடுவதில் எல்லார் தோலிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சைக்குப் பங்கு உண்டு, அதற்கு எண்ணெய்தான் தீனி.

அண்ணா நகரில் முதலில் நுழைந்த மெடிக்கலில் நல்ல கூட்டம். முகத்தைக் காட்டினேன். "ரெண்டே நாள்ல போயிரும் சார்" என்று ஒரு ட்யூபை நீட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் குளோபெட்டசால், பாக்டீரியாவுக்கு நியோமைசின், பூஞ்சைக்கு மைக்கோனசால். ரெண்டு நாளில் அடங்கும், உண்மைதான். ஆனால் குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். 2018-லேயே இந்த மாதிரி க்ரீம்களுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். என் சித்தி மகள் சிவப்பழகுக்கென்று இதே வகை க்ரீமை ஒரு வருஷம் பூசியவள். கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. ட்யூபை வாங்காமல் வந்துவிட்டேன்.

கோரிப்பாளையம் பக்கம் இன்னொரு கடை. கவுண்ட்டரில் இருந்த தங்கச்சி, என்ன போட்டீங்க, எத்தனை நாளா இருக்கு என்று விசாரித்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்பினார். பூஞ்சையை அடக்கும் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு, முகத்துக்கு அதே மருந்தில் க்ரீம். அமெரிக்காவில் 1% ஷாம்புதான் சீட்டில்லாமல் கிடைக்கும், 2%க்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டி மேலேயே பேனாவால் "5 நிமிஷம், வாரம் 2" என்று எழுதிக் கொடுத்தார். "நுரை வந்ததும் கழுவிராதீங்கண்ணே, அஞ்சு நிமிஷம் ஊறட்டும். நாலு வாரம் போடுங்க. அப்புறம் வாரம் ஒருதடவை போதும்." இத்தனை வருஷமும் நுரைத்ததும் கழுவிக்கொண்டிருந்தவன் நான்.

ரெண்டாம் வாரம் செதில் பாதிக்கு மேல் குறைந்தது. போர் தண்ணியில் முடிதான் கொஞ்சம் வறண்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் சித்தி மகளை ராஜாஜி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். பூசிய க்ரீமின் ட்யூபையும் கையோடு கொண்டுபோனோம். டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.