செப்புக்காசு துடைக்க எது மேல்: தண்ணீரா, அசிட்டோனா, எண்ணெயா?

பழைய செப்புக்காசைப் பளபளக்கச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கொஞ்ச நேரம் போட்டால் ரோஜா நிறத்தில் வெளியே வரும். சேகரிப்பாளர்கள் மத்தியில் அதன் மதிப்பு சரிவதும் அப்போதுதான். பாட்டினா என்பது காசின் மேல் வந்து ஒட்டிய அழுக்கல்ல, செம்பே மாறி உண்டான தோல். பெரும்பாலும் அடியில் குப்ரைட் என்ற செம்பழுப்பான செம்பு ஆக்சைடு, அதற்கு மேல் கறுப்பு ஆக்சைடோ மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கார்பனேட்டோ இருக்கும். மண்ணில் கிடந்த காசுகளில் எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழி விழுந்த உலோகம். ஆகவே அமிலம், சமையல் சோடா பசை, பித்தளை பாலிஷ், கம்பி பிரஷ், மின்பகுப்பு எதுவுமே இந்தப் போட்டியில் இல்லை.

மிச்சமிருப்பவை மூன்று. மூன்றும் வெவ்வேறு அழுக்குக்கானவை. இதைக் கவனிக்காமல்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

காய்ச்சி வடித்த நீர் மண்ணுக்கும், கரையக்கூடிய உப்புக்கும். குழாய் நீர் கூடாது, அதிலுள்ள குளோரைடு செம்புக்கு ஆகாது. நீரைத் தினமும் மாற்ற வேண்டும். நாள் கணக்கில், சில காசுகளுக்கு வாரக் கணக்கில் ஆகும். மண் இளகியதும் மரப் பல்குச்சியால் மெல்லத் தள்ளிவிடலாம். விரல் பிசுக்கு, டேப் பசை போன்றவற்றிடம் தண்ணீர் தோற்றுவிடும். ஊறப்போட்டதை மறந்துவிட்டால் புதிய அரிப்புக்கு நாமே வழிவிட்டதாகும்.

அந்தப் பிசுக்குக்குத்தான் அசிட்டோன். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறைகளில் கிடந்த காசில் படியும் பச்சைப் பிசினை எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆக்சைடையும் கார்பனேட்டையும் இது கரைப்பதில்லை, எனவே பாட்டினா அப்படியே நிற்கும். ஊறி எடுத்த காசு கொஞ்சம் வெளிறி, வறண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். போனது எண்ணெய்ப் பசைதான். ஆனால் தூய அசிட்டோனாக இருக்கட்டும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிப் பாத்திரம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பே இல்லாத இடம் மூன்றும் கட்டாயம். நீரோடு நன்றாகக் கலப்பதால், தண்ணீரில் ஊறிய காசை இதில் முக்கினால் இடுக்கில் நிற்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். மண்ணும் உப்பும் மட்டும் இதற்கு அசையாது.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆலிவ் எண்ணெய்க்குப் பழைய ரசிகர்கள் உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு வினைபுரிந்து பச்சைச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. மெதுவாக வேலை செய்வதால் மட்டும் அமிலம் அமிலமல்லாமல் போய்விடாது. மினரல் ஆயில் வினைபுரியாது. கெட்டியான களிம்புப் பொருக்கை இளக்க அதை வைத்துக்கொள்ளலாம், பிறகு அசிட்டோனால் கழுவிவிடலாம்.

ஆக, தோண்டி எடுத்த காசென்றால் தண்ணீர் முதலில், அசிட்டோன் பிறகு. ஆல்பத்திலோ டப்பாவிலோ இருந்து வந்தது என்றால் நேரே அசிட்டோன், அதோடு நிறுத்திவிடுவேன். எதில் நனைத்தாலும் துணியால் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். தேய்த்த கோடுகள் லென்ஸில் காட்டிக்கொடுத்துவிடும். காசுகளுக்குத் தரம் நிர்ணயிக்கும் நிறுவனங்கள் அத்தகைய காசை ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்துத் தனியே ஒதுக்கிவிடும்.

இந்த மூன்றும் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பல்குச்சி பட்டாலே உதிரும் வெளிர்பச்சைப் பொடி, துடைத்த பின்னும் திரும்பத் திரும்ப வந்தால் அது வெண்கல நோய். உள்ளே இருக்கும் செம்பு குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்க, அமிலம் மேலும் செம்பைத் தின்ன, சுழற்சி ஓயாது. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் பச்சை இந்த நோயல்ல, அதைச் சீண்டாதீர்கள். நோய்ப்பட்ட காசைச் சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற கார உப்பின் கரைசலில் ஊறவைப்பதுண்டு, ஆனால் அது பாட்டினாவின் நிறத்தை மாற்றக்கூடும். செம்பின் அரிப்பைத் தடுக்கப் பயன்படும் பென்சோட்ரையசோல் நச்சுப்பொருள், அதைப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுவதே சரி. அவரிடம் கொண்டுபோகும்வரை காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.