டி.என்.ஏ. பிரிக்க எந்தப் பழம்: ஸ்ட்ராபெரியா, வெல்ச்சியா, பப்பாளியா?

எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கை மகளின் செயல்முறைப் பாடத்துக்காக மும்பை மாட்டுங்கா சந்தையில் மூன்று பழங்களை வாங்கி வந்தோம். மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரி, மும்பையில் வெல்ச்சி என்று விற்கப்படும் ஏலக்கி வாழை, நன்கு பழுத்த பப்பாளி ஆகிய மூன்றையும் தனித்தனியே மசித்து, ஒவ்வொன்றிலும் அரைக் கோப்பைத் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, துணியில் வடித்தெடுத்த சாற்றின் மீது உறைபெட்டியில் குளிர்வித்த ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹாலை, கிளாசின் ஓரமாக மெல்ல இறக்கினோம். செல்லையும் அதன் உட்கருவையும் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வுகளைச் சோப்பு கரைக்கிறது. டி.என்.ஏ.வின் எதிர்மின்சுமையை உப்பு தணிப்பதால், ஸ்பிரிட்டில் கரைய முடியாமல் அது திரண்டு மேலே வருகிறது.

ஸ்ட்ராபெரியை மற்ற இரண்டும் நெருங்கவே இல்லை. டி.என்.ஏ.வைச் சுமக்கும் குரோமோசோம்களின் தொகுதிகள் மனித உடற்செல்லில் இரண்டுதான். தோட்ட ஸ்ட்ராபெரியிலோ எட்டுத் தொகுதிகள், மொத்தம் 56 குரோமோசோம்கள் உள்ளன. ஐந்து நிமிடத்துக்குள் இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில், ஊறிய பஞ்சைப் போன்ற வெண்படலம் எழும்பியது. பல் குத்தும் குச்சியில் சுற்றியபோது நூலாக இழுபட்டு வந்தது. அது தூய டி.என்.ஏ. அன்று என்பதையும் சொல்ல வேண்டும், டி.என்.ஏ.வை ஒத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும், பழத்தைக் கூழாக்கும் நார்ச்சத்தான பெக்டினும் அதில் கலந்தே இருக்கும். இரட்டைச் சுருளின் தடிமன் 2 நானோமீட்டர்தான் என்பதால், நாம் காண்பது எண்ணற்ற இழைகள் சேர்ந்த திரள்.

வாழையில் மூன்று தொகுதிகள் உண்டு என்று பொதுவாகச் சொல்வது ரொபஸ்டாவுக்கும் நேந்திரத்துக்கும் பொருந்தும். வெல்ச்சிக்கு இரண்டே தொகுதிகள், 22 குரோமோசோம்கள். அதைவிடப் பெரிய தொல்லை வடிகட்டுவது. மாவுச்சத்து துணியின் கண்களை அடைத்துக்கொள்ள, பொறுமையிழந்து பிழிந்ததில் சாறு கலங்கி, வெண்மை எது, கூழ் எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. ஸ்ட்ராபெரி கிடைக்காத மழைக்கால மாதங்களில் வாழைதான் கைகொடுக்கும் என்பதால், தோலில் கரும்புள்ளி விழுந்த ரொபஸ்டாவை வாங்குவதே நல்லது. அந்த நிலையில் மாவுச்சத்தின் பெரும்பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும்.

பப்பாளியைப் பார்த்து முதலில் ஏமாந்தோம். கிளாஸ் நிறையத் திரண்டது, ஆனால் குச்சியில் சுற்ற வரவில்லை. ஒளி ஊடுருவும் அந்தக் கூழ் பெரும்பாலும் பெக்டின். புரதத்தைச் சிதைக்கும் பப்பைன் என்ற நொதி இதில் இருப்பதால் கலந்துள்ள புரதம் நீங்கிவிடுமே என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி: அந்த நொதி காயின் பாலில்தான் மிகுதி, பழுத்தபின் வெகுவாகக் குறைந்துவிடும். 1869இல் டூபிங்கனில் பிரெடரிக் மீஷர் சீழ்ச் செல்களிலிருந்து டி.என்.ஏ.வை முதன்முதலாகப் பிரித்தபோது, புரதத்தை நீக்கப் பன்றி இரைப்பையின் நொதியைக் கையாண்டார். நமக்கு, புரதத்தைச் சிதைக்கும் நொதியுள்ள புது அன்னாசிச் சாறு ஒரு கரண்டியே போதும். டின்னில் அடைத்தது உதவாது, சூடாக்கும்போது நொதி செயலிழந்துவிடுகிறது.

ஸ்பிரிட்டுக்குப் பதிலாகக் கை சானிடைசரை ஊற்றிப் பார்த்தது வீண்வேலை. அதிலுள்ள கெட்டிப்பொருள் சாற்றின் மேல் தெளிந்த அடுக்காக நிற்க விடாது. மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் போதுமானது. எரியும் பொருள் என்பதால், அதன் மூடியைத் திறக்கும்முன் கேஸ் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.